2.8 லட்சம் கட்டி 6ஜி கோர்ஸும் சவூதி வேலையும்: தம்பிக்காகக் கடன் வாங்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது. தம்பி பத்தாவது தேறவில்லை, எட்டாவது தகுதியில் ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷ வெல்டர் படிப்பு முடித்துவிட்டு இப்போது கேட், கிரில் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறான். திருச்சியில் ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாத 6ஜி கோர்ஸ் (சாய்த்து வைத்த பைப்பில் வெல்டிங் செய்யும் பயிற்சி), அரசு அங்கீகாரச் சான்றிதழ், முடித்ததும் சவூதியில் மாதம் 1,400 ரியாலுக்கு வேலை, எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபாய் என்கிறது. மூன்று வட்டிக்குப் பணம் கிடைக்கும், வாங்கிக் கட்டலாமா, அந்தச் சான்றிதழுக்கு வெளிநாட்டில் மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொழில் கற்றால் சம்பளம் கூடும் என்கிறார்களே, அப்படிக் கூடுகிற சம்பளம் நம் வீட்டுக்கு வந்து சேருமா, வட்டிக்கும் ஏஜென்டுக்குமே போய்விடுமா? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

நான் வெல்டராகத் தொடங்கி, வளைகுடாவில் ரிஃபைனரி, பைப்லைன் வேலைகளில் வெல்டிங் இன்ஸ்பெக்டராகப் பல வருஷம் இருந்தவன். இப்போது ஊரில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு டெஸ்ட் வைத்து, யார் பைப் வெல்டர், யார் பிளேட் வெல்டர், யாரை ஹெல்பராகத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று எழுதிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. அதனால் நான் சொல்வதெல்லாம் இந்தத் தொழிலுக்குத்தான். நர்ஸ், டிரைவர், வீட்டு வேலை என்று போகிறவர்களின் விஷயம் வேறு, இதை வைத்து அதை முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சைட்டில் யாரும் உங்கள் தம்பியின் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுக்கப் போவதில்லை. ஐ.டி.ஐ. சான்றிதழ், மத்திய அரசின் குறுகிய காலத் திறன் பயிற்சிச் சான்றிதழ், தனியார் நிலையத்தின் சான்றிதழ் எல்லாம் பயோடேட்டாவோடு ஃபைலில் போய் உட்காரும், விசாவுக்கோ இன்டர்வியூவுக்கு உள்ளே விடவோ உதவும், அவ்வளவுதான். எண்ணெய், எரிவாயு வேலைகளில் பெரும்பாலும் ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுப்படி வெல்டரை அந்தந்தக் கம்பெனியே சோதித்துத் தேற வைக்க வேண்டும். வேறு கம்பெனியில் தேறியதை எடுத்துக்காட்டி "எனக்கு டெஸ்ட் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, ஒரு முறையில் தேறியவர் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்துவிட்டால் அந்தத் தகுதியும் காலாவதி ஆகிவிடும், மறுபடியும் டெஸ்ட். ஆக, அங்கே எடுபடுவது கை மட்டும்தான், அதுவும் தொடர்ந்து பழக்கத்தில் இருக்கிற கை.

6ஜி என்று ஏன் எல்லாரும் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும், அப்போதுதான் மூன்று மாதத்தில் என்ன முடியும் என்று உங்களுக்கே தெரியும். பைப்பை 45 டிகிரி சாய்வாக வைத்து அசையாமல் பிடித்துவிடுவார்கள், பைப்பைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைக்க வேண்டும். ரூட் பாஸை, அதாவது இரண்டு பைப்பும் சேரும் இடத்தில் உள்பக்கம் விழும் முதல் அடுக்கை, டிக் (TIG) முறையில், ஆர்கான் வாயுவை வைத்து, மெல்லிய ஃபில்லர் கம்பியைக் கையால் ஊட்டிக்கொண்டே போட வேண்டும். அதற்கு மேல் 7018 என்ற வெல்டிங் ராடு வைத்து நிரப்பி, கடைசி மேல் அடுக்கான கேப் போட்டு முடிக்க வேண்டும். பையன்கள் தோற்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், பைப்பின் அடிப்பக்கம். அங்கே உருகிய உலோகத்தைத் தலைக்கு மேலே பார்த்துப் போட வேண்டியிருப்பதால், வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும், உள்ளே டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் ரூட் உள்வாங்கிக் குழிந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் அது கறுப்புக் கோடாக விழும், ரிப்பேர் என்று எழுதிவிடுவோம். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலும் 6013 ராடை வைத்துச் சாதாரண இரும்புத் தகட்டில்தான் கை பழகுகிறது. கேட் பட்டறையிலும் அதே ராடுதான். 7018 வேறு குணம், ஈரம் பட்டால் கெட்டுவிடும், ஓவனில் காய வைத்துச் சூடு ஆறாமல் குவிவரில் (ராடு வைக்கும் சூடான கைப்பெட்டியில்) வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், ஆர்க்கை மிகக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். தம்பி ஒரு வருஷம் படித்து, வேலையும் பார்த்தும்கூட இதைத் தொடாமலே இருந்திருக்கலாம். அது அவன் குறையும் இல்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் குறையும் இல்லை. அத்தனை பேருக்கும் பைப்பும் ஆர்கானும் வாங்கிக் கொடுக்கப் பணம் வேண்டும்.

மூன்று மாதத்தில் இது வருமா? இங்கேதான் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவன் கையை நான் பார்த்ததில்லை. தகட்டில் தலைக்கு மேலே போடும் 4ஜி அவனுக்கு ஏற்கெனவே நன்றாக வந்தால், தினமும் நாலைந்து மணி நேரம் உண்மையாகவே ஆர்க் எரிந்தால், மூன்று மாதத்தில் டெஸ்ட் தேறும் அளவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் பயிற்சி நேரத்திலும் அவர்களுக்குக் கிடைத்த பைப்பின் எண்ணிக்கையிலும்தான் இருந்தது. அதனால் அந்த நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள், ஆபீஸ் அறையில் உட்கார வைத்தால் உட்காராதீர்கள், நேராகப் பட்டறைக்குப் போங்கள். வெல்டிங் செய்யும் பூத் எத்தனை, பையன்கள் எத்தனை? ஒருவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜாயின்ட் போடப் பைப் வெட்டித் தருகிறார்கள்? ஆர்கான் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, ராடு ஓவன் சூடாக இருக்கிறதா, இல்லை சாமான் வைக்கும் அலமாரியாக இருக்கிறதா? போட்ட ஜாயின்டை வெட்டி வளைத்துப் பார்க்கிறார்களா, எக்ஸ்ரேக்கு அனுப்புகிறார்களா? மூலையில் கிடக்கும் பழைய பைப் துண்டுகளை எடுத்து உள்ளே பாருங்கள். அந்த ரூட்டைப் பார்த்தால் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்களா இல்லையா என்று வெல்டிங் தெரியாத உங்களுக்கே ஓரளவு புரியும், தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் முழுசாகவே புரியும்.

இப்போது பணம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி உண்டு. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு முதலாளிக்காக ஆள் எடுத்துத் தர, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜென்டுக்குத்தான் உரிமை. அவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். பதிவு பெறும்போது 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார், சின்ன அளவில் நடத்துகிறவர் என்றால் 8 லட்சம். ஏதாவது தவறு நடந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் பிடிமானம். சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவும் ஆள் எடுக்கும் செலவு, இக்காமா (அங்கே தங்கும் அனுமதி) செலவு, ஒப்பந்தம் முடிந்து திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு என்றுதான் சொல்கிறது. அப்படியானால் 2,80,000 எதற்கு? பெரும் பகுதியைப் "பயிற்சிக் கட்டணம்" என்று எழுதித் தருவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 35,400க்கு மேல் வாங்க முடியாது, பயிற்சி கொடுக்கிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால் உச்சவரம்பு காணாமல் போய்விடும். நீங்கள் சொல்லும் நிலையம் அப்படித்தான் செய்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை, அவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "வேலை வேண்டாம், பயிற்சி மட்டும் போதும், எவ்வளவு?" சொல்லும் தொகைக்கும் 2,80,000க்கும் உள்ள வித்தியாசம்தான் விசாவின் விலை. "பயிற்சி மட்டும் தருவதில்லை" என்றால் அங்கே விற்பனைக்கு இருப்பது பயிற்சி இல்லை.

இதைக் கணக்குப் போட்டும் பாருங்கள். 2,80,000க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 8,400 வட்டி மட்டும். அவர்கள் சொன்ன 1,400 ரியாலையே அப்படியே நம்புவோம், ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 32,200. சாப்பாடு, போன், சோப்பு, எப்போதாவது மருந்து என்று 400 ரியால் போனால் மீதி 23,000. அத்தனையையும் கடனுக்கே கட்டினால், வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், பதினைந்து பதினாறு மாதம் ஆகும். வீட்டுக்கு மாதம் பத்தாயிரம் அனுப்பி மீதியைக் கட்டினால் ஏறக்குறைய மூன்று வருஷம். ஒப்பந்தமோ வழக்கமாக இரண்டு வருஷம்தான். இதில் பயிற்சிக்குப் போகும் மூன்று மாதம் பட்டறைக் கூலி நிற்பதையும், அந்த மாதங்களுக்கும் விசா வரும்வரைக்கும் ஓடுகிற வட்டியையும் நான் சேர்க்கவே இல்லை. இறங்கியதும் டெஸ்டில் தவறி ஹெல்பர் சம்பளத்துக்கு இறக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் டெஸ்ட் வைத்த காலத்தில் என்னை வதைத்ததே இதுதான். தவறியவனைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினால் அவன் ஊரில் கடன் நிற்கிறது, எழுதாமல் விட்டால் அந்தப் பைப்பில் நாளைக்கு எரிவாயு ஓடப் போகிறது. கடனோடு வந்தவன் கேட்கவும் மாட்டான், சம்பளம் இரண்டு மாதம் தள்ளினாலும் வாயைத் திறக்க மாட்டான். கடன் இல்லாமல் வந்தவன் அதே கேம்பில் நிமிர்ந்து பேசுவான், வேறு கம்பெனிக்கு மாறுவான். கைத்திறன் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கும்.

சிங்கப்பூரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும், நம் டெல்டா மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றும் அதில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம் என்றும் சொன்னது. அங்கே கட்டுமான வேலைக்குப் போக இங்கேயே ஸ்கில் டெஸ்ட் அடிக்க வேண்டும். சிங்கப்பூர் அரசு திறனுக்கு வெளிப்படையாக விலையும் வைத்திருக்கிறது, 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி என்ற வரி கட்ட வேண்டும், உயர்திறன் என்றால் 500 வெள்ளி. திறன் இருந்தால் மாதம் 400 வெள்ளி மிச்சம், ஆனால் அந்த மிச்சம் முதலாளிக்கு. தொழிலாளி சம்பளத்தில் அது எவ்வளவு ஏறும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தப் பக்கமோ டெஸ்ட் அடித்து வேலையும் வாங்கித் தருவதற்கு ஊரில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. திறன் தேர்வு நியாயமாகவே நடந்தாலும், அந்தத் தேர்வுக்குப் போகும் வாசலில் ஒருவர் உட்கார்ந்து பணம் வாங்கினால், திறனால் வரும் லாபம் அவர் வாங்கும் தொகையாக மாறிவிடுகிறது. அரசுகள் "இத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்" என்று கணக்குச் சொல்லும்போது எனக்கு வரும் கோபம் இதுதான். 2015இல் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது, 2022இல் தமிழ்நாட்டில் நான் முதல்வன் வந்தது, அவற்றால் பயன் பெற்றவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி ஒரு துறை, ஆள் அனுப்புவது இன்னொரு துறை, நடுவில் இருக்கிற கடன் யாருடைய துறையும் இல்லை. அந்த நடுவில்தான் உங்கள் குடும்பம் இப்போது நிற்கிறது.

பாஸ்போர்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பத்தாவது தேறாதவனுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்பு முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு, வெல்டர் ஒரு வருஷப் படிப்பு என்பதால் தம்பிக்கு அது பொருந்தாது. சவூதி உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். "அந்தத் தொல்லை வேண்டாம், பத்தாவது சான்றிதழுக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்றோ, "விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து மாறிக்கொள்ளலாம்" என்றோ யாராவது சொன்னால் அன்றைக்கே விலகிவிடுங்கள். அந்த அனுமதியால்தான் ஒப்பந்தம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகிறது, யார் முதலாளி, என்ன சம்பளம் என்று இந்திய அரசிடம் ஒரு பதிவு இருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அதோடு கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், விபத்தில் உயிரோ உறுப்போ போனால் 10 லட்சம். குறுக்கு வழியில் போனவனுக்கு இவை எதுவும் கிடையாது. அதே சமயம் தம்பி தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறுவதும் நல்லதுதான், அவனுக்கு வயசு இருக்கிறது.

என் தம்பியாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், கேட் பட்டறையிலிருந்து முதலில் வெளியே எடுப்பேன். நீங்கள் திருச்சிப் பக்கம் இருப்பது பெரிய வசதி. பெல் ஆலையைச் சுற்றி, துவாக்குடியில், பிரஷர் பாகங்களும் ஸ்ட்ரக்சரும் செய்யும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் இருக்கின்றன. ஆர்டர் இருக்கிற யூனிட்டாகப் பார்த்து, கூலி கொஞ்சம் குறைந்தாலும் 7018 ராடு எரிக்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கே அவன் போடும் ஜாயின்டைக் குவாலிட்டி ஆள் வந்து பார்ப்பார், ரிப்பேர் என்று சாக்பீஸில் வட்டம் போடுவார், அந்த வட்டம்தான் பாடம். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து 6ஜிக்குப் பயிற்சி மட்டும் தனியாக எடுக்கட்டும். பெல் வளாகத்திலேயே 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் வெல்டர்களுக்குப் படிப்புகள் நடக்கும், கட்டணமும் தேதியும் நேரில் கேளுங்கள். அப்புறம் மணலி, கொச்சி, ஜாம்நகர் என்று ரிஃபைனரி ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்) வேலைகளுக்குப் போகட்டும். கடுமையான வேலை, தூக்கம் இருக்காது, ஆனால் கூலி நன்றாக இருக்கும், அங்கே போட்ட டெஸ்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டால் பயோடேட்டாவில் அதுதான் பேசும். இதற்கெல்லாம் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அவ்வளவு காலம் போகிறதே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில், வீட்டுக்குப் பத்தாயிரம் அனுப்பினால், அதே இரண்டு வருஷம் சவூதியில் இருந்தும் கடன் தீரவில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படித் தயாரான பிறகு சென்னை, திருச்சியில் நடக்கும் நேரடி டிரேட் டெஸ்டுக்குப் போகலாம். கை நன்றாக இருக்கிற பைப் வெல்டரை முதலாளியே செலவு செய்து எடுப்பதும் நடக்கிறது, எல்லா நேரத்திலும் நடக்கும் என்று உறுதி தர மாட்டேன், பெரிய புராஜெக்டுகள் ஓடுகிற வருஷங்களில் அதிகம், மற்ற வருஷங்களில் குறைவு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அவர்கள் விளம்பரங்களையும் கவனித்து வாருங்கள். எல்லா மாதமும் வெல்டருக்கு இடம் வராது, வந்தால் கட்டணம் சட்ட வரம்புக்குள் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு இப்போதே போகத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம். ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், பெயரும் முகவரியும் பொருந்த வேண்டும், "அவருக்கு நாங்கள் சப் ஏஜென்ட்" என்றால் அது சட்டத்தில் இல்லாத ஒன்று. விசாவில் தொழில் என்று என்ன எழுதியிருக்கிறது என்று அரபி தெரிந்தவரிடம் காட்டுங்கள், வெல்டர் என்று இருக்க வேண்டும், வெறுமனே தொழிலாளி என்று இருந்தால் அங்கே போய்ப் பேச முடியாது. சவூதி இப்போது வெல்டர் உள்பட பல தொழில்களுக்குப் புறப்படும் முன்பே திறன் சரிபார்ப்புத் தேர்வு கேட்கிறது, அதற்குத் தம்பி பெயரில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், வெல்டர் விசா என்று சொல்லிவிட்டு அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சே எடுக்காவிட்டால் விசா வேறு பெயரில் வருகிறது என்று சந்தேகப்படலாம். அங்கே போய்ச் சேர்ந்ததும் கிவா என்ற சவூதி அரசின் தொழிலாளர் இணையதளத்தில் ஒப்பந்தத்தை அவன் போனிலேயே திறந்து பார்க்கலாம், இங்கே கையெழுத்துப் போட்ட சம்பளமும் அங்கே இருக்கும் சம்பளமும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஒப்புதல் கொடுக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி மட்டும் என்றால் எவ்வளவு என்று அவர்களிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். முடிந்தால் தம்பி போட்ட 4ஜி பிளேட்டின் ரூட் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து இரண்டு போட்டோ எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்தால் மூன்று மாதம் போதுமா என்பதற்கு இப்போது சொன்னதைவிட நல்ல பதில் சொல்ல முடியும்.